எதிர்க்கடை சிபாரிசு

மத்தியானம் ஆனதும் எதிர்க்கடை வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லாமல் போய்விட்டது. கறார் கடை வாசலில் ஒரு நாய் மட்டும் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"லீவு விட்டா பசங்க விளையாடப் போகணும். இதுங்க என்னடான்னா புத்தகக் கடையில க்யூ கட்டி நிக்குதுங்க" என்று பொருமினார் கறார்.

பேரத்தில் பைசா விட்டுக் கொடுக்காததால் தெரு வைத்த பெயர் அது. நடைபாதையில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்று, அடிபட்டு மிதிபட்டு இந்தக் கடையைப் பிடித்தவர். லீவு ஆரம்பத்தில் எதிரே ஒரு பெண் கடை திறக்கும் வரை, இந்தத் தெருவில் புத்தகம் என்றால் அவர்தான்.

"ஒவ்வொரு பிள்ளையையும் உக்கார வச்சு, நீ எப்படிப்பட்ட ஆளுன்னு விசாரிச்சு, லீவுக்கு இந்த நாவலைப் படின்னு எடுத்துக் குடுக்கிறாளாம். புத்தகம் விக்கிறாளா, ஜோசியம் பாக்கிறாளா?"

கல்லாவுக்குப் பின்னால் தூசி தட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "நாமளும் சொல்லலாமேங்க. நான் வேணா..."

"நீ கதைப் புத்தகம் படிச்சே வீட்டைக் கோட்டை விட்டவ. வியாபாரத்தில உனக்கென்ன தெரியும்?"

"சரிங்க. தையல் கிளாஸுக்கு நேரமாச்சு" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பிப் போய்விட்டாள்.

எதிர்க்கடைக் கூட்டத்தைப் பார்த்து அவருக்குப் பல நாளாகவே எரிச்சல். அந்த எரிச்சலில்தான் போன வாரம் மொத்த விலைக் கடைக்குப் போய், இளவட்டங்களுக்கான நாவல்களாகப் பேரம் பேசி அள்ளிவந்து வாசலில் அடுக்கியிருந்தார்.

அதிசயமாக ஒரு பையன் வந்து ஒன்றைப் புரட்டினான்.

"இது எதைப் பத்தி அங்கிள்?"

"முந்நூறு பக்கம்."

"இல்ல, கதை..."

"கெட்டி அட்டை. இதே விலைக்கு எதிர்க்கடையில இருநூறு பக்கம்தான் வரும். கணக்குப் பண்ணிக்கோ."

பையன் கணக்குப் பண்ணினான். எதிர்க்கடைக்குப் போய்விட்டான்.

அடுத்து ஒரு பெண். "அங்கிள், அழுகையா முடியாத கதை ஏதாவது இருக்கா?"

"எதையாவது எடுத்துட்டுப் போம்மா. முடிவு பிடிக்கலைன்னா திருப்பிக் கொண்டா, பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்."

அவளும் தெருவைத் தாண்டினாள். நாய்கூட எழுந்து அவள் பின்னாலேயே போனது.

அதற்கு மேல் கறாருக்குப் பொறுக்கவில்லை. அப்படி என்னதான் மந்திரம் போடுகிறாள் என்று பார்த்துவிடுவது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

உள்ளே நிற்க இடமில்லை. கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

"உனக்கு யார்கூடவாவது சண்டையாடா கண்ணு? ரொம்ப நாளா பேசலையா?"

"ம்."

"அப்ப இதை எடுத்துக்கோ. பாதி வரைக்கும் சண்டை போட்டவங்க மேல கோபம் வரும். அதுக்கப்புறம் உன் மேலயே வரும். லீவு முடியறதுக்குள்ள நீயே போய்ப் பேசிடுவ."

தினமும் கேட்கிற குரல். கறார் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். முக்காலியில், மடி நிறையப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி.

"இதுதான் தையல் கிளாஸா?"

மனைவி எழுந்து நின்றாள். "என்னங்க, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"எந்த வீட்டுக்கு? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டு வீட்டுக்கு வேற வருவியா? நான் அங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன், நீ பின்வாசல் வழியா வந்து எதிராளி கல்லாவை ரொப்பிக்கிட்டு இருக்க. சம்பளம் எவ்வளவு தர்றா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"சும்மாவா? என்கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு பேரம் பேசக்கூடத் தெரியலையே உனக்கு."

கல்லாவிலிருந்து இறங்கி வந்தாள் கடைக்காரி. கறார் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, லீவு வியாபாரத்தைத்தான் சுருட்டிக்கிட்ட. என் வீட்டு ஆளையுமா? இருக்கட்டும். பள்ளிக்கூடம் திறக்கட்டும். பாடப் புத்தகத்துக்கு ஊரே என் கடை வாசல்லதான் நிக்கும். வருஷம் பூரா எங்களுக்குச் சோறு போடுறது அதுதான். அதுல ஒரு புத்தகம்கூட நீ வாங்கி வைக்கலையே, ஏன்? பயம். என்கூட மோதினா மண்ணைக் கவ்வணும்னு தெரியும்."

கடைக்காரி அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவி வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. இதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது" என்றவள் கறாரைப் பார்த்தாள். "சார், நான் கடையைத் திறந்ததே பாடப் புத்தகத்துக்காகத்தான். அந்தச் சுவர் முழுக்க அலமாரி அடிச்சாச்சு. அப்பதான் அக்கா வந்தாங்க. 'லீவு பூரா சம்பளமில்லாம உக்காந்து உங்க நாவலையெல்லாம் வித்துத் தர்றேன். பதிலுக்கு நீங்க பாடப் புத்தகத்தைத் தொடக் கூடாது, அவர் தாங்க மாட்டார்'னாங்க. பாதியாவது போட்டுக்கறேனேன்னு நானும் கெஞ்சிப் பாத்தேன். உங்களையாவது பேசி மசிய வச்சிடலாம் சார். இவங்க இம்மிகூட இறங்கி வரலை."