குழாயடி

பூந்திக்குப் பதினாலு வயது. படுத்த இடமெல்லாம் ஈரம். ஜெயசெல்வி பழைய நைட்டிகளைக் கிழித்து விரித்துப் பார்த்தாள், குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டுக் கட்டிப் பார்த்தாள். கடைசியில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். காலையில் ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய். நாயா போய் யாரிடமாவது சொல்லப்போகிறது? தரை காய்ந்தது. நான்காம் நாள் பூந்தி எழுந்திருக்கவில்லை. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்த வாசலைக் கண்டாலே அதற்கு உதறல் எடுக்கும். மேஜையில் ஏற்றினால் அவள் அக்குளுக்குள் தலையைச் செருகிக்கொள்ளும். "போலாம்" என்று காதில் விழுந்தால் போதும், ஊசி போட்ட காலோடு கதவுக்கு ஓடும். டாக்டர் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் இறங்காமல் கூடாரம்போல் நின்றது. "தண்ணி நல்லாக் குடிக்குதாம்மா?" "அதெல்லாம் குடிக்கும் சார்." அவர் கைகழுவக் குழாயைத் திறந்தார். அக்குளுக்குள் இருந்த தலை வெளியே வந்தது. பூந்தி மேஜை விளிம்புவரை தவழ்ந்துபோய் நாக்கை நீட்டியது. டாக்டர் உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்தார். குடித்தது. மறுபடி ஏந்தினார். மறுபடியும் குடித்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவேயில்லை. குளுக்கோஸ் ஏற்றி முடித்து, கீழே இறக்கிவிட்டதும், "போலாம்டி, வா" என்றாள். பூந்தி திறந்திருந்த கதவைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு மெல்ல நடந்துபோய்க் குழாயடியில் படுத்துக்கொண்டது.