சத்தம் போடாத வாடிக்கையாளர்

"இன்னைக்கு அவர்கிட்ட இன்னொரு இருநூறு ஏத்திச் சொல்லுங்க" என்றாள் மனைவி, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே.

"போன வாரம்தானே ஏத்தினோம்?"

"கத்தினாரா?"

"இல்ல."

"அப்ப ஏத்துங்க. எங்க கத்துறாரோ, அதுக்கு ஒரு படி கீழதான் நம்ம விலை."

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவன் கார் டீடெய்லிங் கடை திறந்து சில மாதங்கள் ஆகின்றன. காரை உள்ளும் வெளியும் தேய்த்து, மெழுகு பூசி, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி ஆக்கித் தரும் தொழில். சீட்டு இடுக்கில் நுழையும் பிரஷ் வரைக்கும் பார்த்துப் பார்த்து வாங்கியாகிவிட்டது. விலை வைக்கத்தான் இருவருக்கும் தெரியவில்லை.

குறைவாகச் சொன்னால், "வேலை சுமாராத்தான் இருக்கும்போல" என்று போனார்கள். கூடுதலாகச் சொன்னால் பேசாமலே போனார்கள். மண்டையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் மனைவி கண்டுபிடித்த வழிதான் இது. ஒரே ஒரு ஆளைப் பிடித்து, அவர் அலறும்வரை ஏற்றிப் பார்ப்பது.

அகப்பட்டவர் கூலிங்கிளாஸ்காரர். சனிக்கிழமை தவறாமல் வருவார். காரில் துடைக்க அழுக்கே இருக்காது. ஐநூறில் ஆரம்பித்து இப்போது ஆயிரத்தை எட்டியாகிவிட்டது. மனிதர் மூச்சுவிடவில்லை.

"சார், இன்னைக்கு ஆயிரத்து இருநூறு ஆகும். புது மெழுகு சார், அதனால..."

"அப்படியா? நல்லது தம்பி" என்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பாவமா இருக்கும்மா. நல்ல மனுஷன்."

"வாரா வாரம் சுத்தமான காரையே கழுவறவருக்குக் காசு ஒரு பொருட்டா? நீங்க ஆபீஸ் புத்தியை விடுங்க. இது வியாபாரம்."

ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமனார் போன் வந்துவிடும். ரிட்டயரானவர். மாப்பிள்ளை வேலையை விட்டதில் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"என்ன மாப்பிள்ளை, வாட்டர் சர்வீஸ் எப்படிப் போகுது?"

"டீடெய்லிங், மாமா."

"தண்ணி ஊத்துறீங்கல்ல? அப்ப அதேதான். உங்க பழைய மேனேஜரைப் பார்த்தேன். இடம் காலியாத்தான் இருக்காம்."

போனை வைத்ததும் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். இந்தக் கடையை நடத்திக் காட்டாவிட்டால், ஆயுசுக்கும் மாமனார் வாயில் விழுந்து எழ வேண்டும்.

வாரா வாரம் ஏற்றி ஏற்றி, விலை இரண்டாயிரத்தைத் தொட்டது. கூலிங்கிளாஸ்காரர் அன்றைக்குக் கொஞ்சம் இருமினார். அவ்வளவுதான்.

"இருமலைக் கத்தலாவே எடுத்துக்கலாம்" என்றாள் மனைவி. "இதுதான் நம்ம விலை. எழுதி மாட்டுங்க."

மாட்டினார்கள். மறுநாள் வந்தவர் போர்டைப் படித்துவிட்டு, இறக்கிய கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் இறங்கி வந்து, "இது ஒரு வருஷத்துக்கா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவும் ஆள் வரவில்லை.

"போர்டுல எழுத்து சின்னதா இருக்கோ?" என்றாள் மனைவி.

அடுத்த மாத வாடகைக்குக் கையில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கூலிங்கிளாஸ்காரர் வழக்கம்போல வந்து சாவியை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"வேண்டாம் சார். இன்னையோட கடையை மூடறேன். ஆபீசுக்கே திரும்பப் போகப்போறேன்."

"ஏன் தம்பி?"

"உங்களை வச்சுத்தான் சார் விலை வச்சோம். நீங்க குடுக்கறதை வேற யாரும் குடுக்க மாட்டேங்கறாங்க. புது மெழுகுன்னு சொன்னதுகூடப் பொய். மன்னிச்சுடுங்க."

கூலிங்கிளாஸ் முதல்முறையாகக் கழன்றது. உள்ளே இருந்த கண்களில் பயம்.

"மூடிடாதீங்க தம்பி. அவர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

"யாரு?"

வாய் தவறிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. காரின் மேல் சாய்ந்துகொண்டார்.

"உங்க மாமனார்தான். அவர் எதிர்வீட்டுக்கு நான் புதுசா குடி வந்திருக்கேன். கார் என்னுது, காசு அவரோடது. 'மாப்பிள்ளை இப்பதான் சொந்தமா ஒரு தொழில் செஞ்சு, தன் வாயால ஒரு விலை சொல்றார். எவ்வளவு சொன்னாலும் குடுத்துட்டு வா. பேரம் பேசி அவர் மனசை உடைச்சுடாதே'ன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கார்."

அவன் வாயைத் திறந்தால் அழுதுவிடுவான்போல இருந்தது.

பக்கத்தில் நின்றிருந்த மனைவிக்குத் தலை நிமிரவில்லை. ஏத்துங்க, ஏத்துங்க என்று வாரா வாரம் சொன்னது அவள்தானே.

"அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றாள் மெல்ல.

"சொல்லத்தான்மா இன்னைக்கு அனுப்பினார். 'பக்குவமா, நான் சொன்னேன்னு தெரியாம, ஒரு ஐநூறு குறைப்பாரான்னு கேட்டுப் பாரு. பென்ஷன் தாங்கல'ன்னார்."