காலமான மெத்தைக் கடைக்காரர்

“மேடம், என்னைப் பார்த்தா செத்தவன் மாதிரியா இருக்கு?”

கடன் தகவல் நிறுவனத்தின் அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெத்தைக் கடைக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டில் கம்ப்யூட்டரைத்தான் அவர் அதிகம் நம்பியது போலிருந்தது.

“எங்க பதிவுப்படி நீங்க காலமாயிட்டீங்க சார். பேங்க்ல இருந்து அப்படித்தான் தகவல் வந்திருக்கு.”

கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியையும், துணைக்கு வந்த மச்சானையும் பரிதாபமாகப் பார்த்தார். மெத்தைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேன் வாங்கலாமென்று லோன் கேட்கப் போன இடத்தில், ‘இறந்தவர்களுக்கு லோன் தருவதில்லை’ என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை, கடை முழுக்க மெத்தை இருந்தும்.

“தப்பைத் திருத்திக் குடுங்க. அது என் உரிமை.”

“கண்டிப்பா சார். ஆனா இறந்தவங்க நேர்ல வந்து மனு குடுத்தா சிஸ்டம் எடுத்துக்காது. வாரிசு யாராவது குடுக்கணும்.”

“நான்தான் வாரிசு,” என்று மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இவர் உயிரோடதான் இருக்கார் மேடம். காலையிலகூட உப்பு போதலைன்னு சண்டை போட்டார்.”

அடையாள அட்டை, கைரேகை, முகம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அதிகாரி நாலு தட்டு தட்டினார்.

“முடிஞ்சுது சார். உயிர் வந்துருச்சு.”

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை.

“என்னைச் சாகடிச்சது யாருன்னு தெரியணும். என்னைப் பத்தி யார் என்ன சொன்னாங்கன்னு கேக்கறதும் என் உரிமைதானே?”

“உரிமைதான் சார்.” அதிகாரி திரையைப் படித்தார். “பேங்க்ல இருந்து போன் பண்ணினப்ப ஒருத்தர் எடுத்துச் சொல்லியிருக்கார். உறவுமுறை... உங்க மனைவியோட அண்ணன்.”

கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மச்சானுக்குப் புரையேறியது.

“மாப்பிள்ளே, சத்தியமா நான் இல்ல.”

“இவளுக்கு வேற எத்தனை அண்ணன் இருக்கான்? கடையில பங்கு தரலேன்னதும் ஆளையே முடிச்சுட்டீங்களா மச்சான்? உங்க சங்காத்தமே வேண்டாம். இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க.”

“எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க.” மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சானின் முகம் சுண்டிப்போனது. “நான் பஸ்ல போய்க்கறேன் தங்கச்சி,” என்று எழுந்தார்.

“எங்க நழுவறீங்க? உட்காருங்க. மேடம், அந்தப் பேச்சு ரெக்கார்டு ஆகியிருக்குமே?”

“ஆகியிருக்கு. பேங்க் அனுப்பியிருக்காங்க. உங்க சொந்த விஷயம் சார், நீங்க மட்டும் கேளுங்க. ஹெட்போன் தரேன்.”

“எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. ஸ்பீக்கர்ல போடுங்க. அண்ணனோட லட்சணத்தை இவளும் கேக்கட்டும்.”

அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுப் பட்டனைத் தட்டினார். பக்கத்து மேசைக்காரர்களும் வேலையை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள்.

“வணக்கம் சார், பேங்க்ல இருந்து பேசறோம். உங்களுக்குன்னே ஒரு புது கிரெடிட் கார்டு வந்திருக்கு...” என்றது ஒரு பெண் குரல்.

கடைக்காரருக்குக் குப்பென்று வியர்த்தது. “மேடம், போதும். நிறுத்திடுங்க. போனது போகட்டும்.”

அதிகாரி பட்டனைத் தேடுவதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டது.

“அவர் நேத்துதான் போய்ச் சேர்ந்தாரும்மா. நான் அவர் சம்சாரத்தோட அண்ணன் பேசறேன். தங்கச்சி அழுது ஓஞ்சு இப்பதான் படுத்திருக்கா, இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க,” என்று தேம்பித் தேம்பிச் சொன்னது, சாட்சாத் மெத்தைக் கடைக்காரரின் குரல்.