சுருட்டுக் கூடாரம்

“இனி வீட்டுக்குள்ள சுருட்டு பத்த வச்சே, நடக்கிறதே வேற!” என்று டார்லீன் கணவரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். மினசோட்டா பனியில் வெளியே நின்றால் மூக்கே உறைந்துவிடும். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போடும் கூடாரத்தைக் கொண்டுவந்து கொல்லையில் அடித்தார் வெர்னன்.

அதிசயமாக அவளே யோசனையும் சொன்னாள்.

“அந்தப் பொடி ஹீட்டர் பத்தாது வெர்ன். பெருசா வாங்கு.”

“விலையைக் கேட்டாலே வேர்க்குது.”

“உடம்பை விடவா? கீழே கம்பளம் விரி. மூணு நாற்காலியாவது வேணும்.”

“மூணு எதுக்கு?”

“உன் சேக்காளிங்க வரமாட்டாங்களா?”

இப்படியொரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று வெர்னன் உருகிப்போய், சொன்னதையெல்லாம் வாங்கிப் போட்டார்.

சனிக்கிழமை மதியம், புதுச் சுருட்டும் கையுமாகக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்தார். உள்ளே டார்லீனும் அவளுடைய இரண்டு தங்கைகளும் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஜம்மென்று சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஏய், இங்க புகை விடாதே!” என்றாள் டார்லீன்.

“அப்ப நான் எங்க போறது?”

“வீட்டுக்குள்ள போய்த் தாராளமா ஊது. பில் ஏறிடும்னு பத்து வருஷமா அங்க சூட்டைக் கூட்டவே விடலியே நீ! இனி அந்தக் குளிர்ல யார் உட்காருவா? உள்ளே போனதும் கோட்டை மட்டும் கழட்டிடாதே.”