எமல்டாவின் சாண்

குருநகர்ப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை பத்து மணிக்கே காய்கிறது. யோகாம்பிகை ரீச்சர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்திருக்கும் மீற்றர் கோல் வியர்வையில் வழுக்குகிறது. ஒரு கிழமையாக யோசித்த திட்டம் இது. பிள்ளைகள் தங்கள் தங்கள் சாணால் மேசையை அளக்கவேண்டும், ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டை பிடிக்கவேண்டும், அந்த நேரம் பார்த்து அவர் கோலை வெளியே எடுக்கவேண்டும். கடைசி வாங்கில் கல்வி அதிகாரி பேனையைத் திறந்தபடி இருக்கிறார். இந்தச் சனியன்களோ முப்பது பேரும் ஒரே குரலில் "எட்டுச் சாண் ரீச்சர்" என்கிறார்கள். "எப்பிடி எல்லாருக்கும் எட்டு? ஆர் அளந்தது?" "எமல்டா," என்கிறாள் முன்வாங்குத் திரேசா. "வலை பின்னேக்கையும் ஒராளின்ரை விரலாலைதானே வலைக்கண் அளக்கிறது ரீச்சர். கை மாறினால் அளவு பிசகிப்போகும்." அதிகாரி சிரிப்பை இருமலாக்குகிறார். ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "சரி, நாளைக்கு எமல்டா வராட்டி என்ன செய்வியள்?"

முப்பது தலைகளும் எமல்டாவின் பக்கம் திரும்புகின்றன. போன மாதம்தான் இரண்டு பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வள்ளமேறி இந்தியாவுக்கு அகதிகளாய்ப் போனார்கள். ஏன் கேட்டோம் என்று ரீச்சர் நாக்கைக் கடிக்கிறார். திரேசா கொப்பிக்குள்ளிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி மேசையில் வைக்கிறாள். "எமல்டாவின்ரை சாணுக்குச் சரியா முறிச்சு வைச்சிருக்கிறம் ரீச்சர். எமல்டா வீட்டாக்களும் அடுத்த கிழமை போகினம்." எமல்டா தன் கையை மெல்ல மடிக்குள் இழுத்துக்கொள்கிறாள். மீற்றர் கோல் ரீச்சரின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது.