நடுவருக்குப் பயிற்சி

“ஒரு நாய் ரெண்டு கால்ல நிக்குது. அதுக்கு நாலு நடுவரும் அழணுமா?” என்றார் ராஜகோபால்.

“அந்தப் பொண்ணு அதை ரோட்டுல இருந்து எடுத்து வளர்த்தாளாம். ஆரம்பத்துலயே காட்டினாங்க. நீங்க பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க,” என்றாள் மனைவி பூர்ணா, டி.வி.யில் ஓடிய அமெரிக்கத் திறமைப் போட்டியிலிருந்து கண் எடுக்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“இதான் அமெரிக்கா. பாட வந்தவன் முதல்ல தன் ஆபரேஷனைப் பத்திப் பேசுவான். பின்னாடி பியானோ வாசிப்பாங்க. அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள பாதி அரங்கம் அழுதிருக்கும். பிரிட்டிஷ் நிகழ்ச்சியைப் பாரு. நடுவர் ‘பரவாயில்லை’ன்னு சொன்னா அது பத்மஸ்ரீ மாதிரி.”

“அங்கேயும்தான் அழறாங்க.”

“அழுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை.”

காஞ்சன்பாக் குடியிருப்பில் அந்த வீட்டில் தினமும் மாலையில் நடக்கும் சண்டை இது. ராஜகோபால் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடமாகத் தரப் பரிசோதகர். அவர் நிரப்பும் படிவத்தில் குறை எழுத பன்னிரண்டு கட்டங்கள் உண்டு. நிறை எழுத ஒன்றும் இல்லை. தொழிற்சாலை விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்பது விதி. பழக்கத்தில் அவர் மற்ற விஷயங்களையும் பேசுவதில்லை.

“அப்பா, பயிற்சி நேரம்,” என்று டி.வி.யை நிறுத்தினாள் மகள் ரோகிணி.

குடியிருப்பு நலச்சங்கம் அடுத்த வாரம் குழந்தைகளுக்குத் திறமைப் போட்டி வைக்கிறதாம், ரோகிணிதான் வந்து சொன்னாள். ராஜகோபால்தான் நடுவராம். எந்தக் குழந்தையும் அழக்கூடாது என்பது நிபந்தனையாம். மூன்று வருடம் முன்பு இதே மாதிரி ஒரு போட்டியில், ஆடி முடித்த ஆறு வயதுப் பெண்ணிடம் அவர், “இடது கால் நாலு தடவை தாமதம்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரை நடுவராகக் கூப்பிடவில்லை.

பூர்ணா காபியை நீட்டினாள். “சொல்லுங்க. அமெரிக்கா மாதிரி.”

ஒரு வாய் குடித்தார். “சர்க்கரை கொஞ்சம்…”

“அப்பா.”

“…சரியா இருக்கு.”

“இது பிரிட்டன். இன்னும் கொஞ்சம் மேல போங்க.”

தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்த மாதிரி காபி எனக்கு வேற எங்கேயும் கிடைச்சதில்லை.”

பூர்ணா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ரோகிணி பின்னாலேயே போனாள்.

“அம்மா, போட்டியே இல்லைன்னு தெரிஞ்சா அப்பா நம்மளை விடமாட்டார்.”

“ஞாயித்துக்கிழமை தாண்டட்டும். போட்டி ரத்துன்னு சொல்லிக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை தினேஷ் தன் பெற்றோருடன் வருகிறான். ரோகிணியோடு வேலை பார்க்கிறவன். போன மாதம் முதல்முறையாக வந்தபோது, பஸ் நேரம் சொல்லும் செயலி ஒன்றைத் தானே செய்திருப்பதாக ஆசையாகக் காட்டினான். ராஜகோபால் அதில் பதினொரு குறை கண்டுபிடித்து, எண் போட்டு, காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தினேஷ் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இந்த முறை அவன் பெற்றோர் எதிரில் அப்படி நடந்தால் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. “உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடு ரோகிணி” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான்.

ஆறு நாள் பயிற்சி நடந்தது. ராஜகோபால் ரசத்தைப் பாராட்டினார். பால்காரரைப் பாராட்டினார். பூர்ணாவின் புதுப் புடவையைப் பார்த்து, யாரும் கேட்காமலே, “நிறம் நல்லா எடுப்பா இருக்கு” என்றார். பூர்ணா அன்று இரண்டாவது காபி போட்டாள்.

ஞாயிறு வந்தது. தினேஷ் உட்கார்ந்ததுமே போனை நீட்டினான்.

“நீங்க சொன்ன பதினொண்ணையும் சரி பண்ணிட்டேன் சார்.”

ராஜகோபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். தினேஷின் அப்பா ஒரே பிஸ்கட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

“உப்பல் பஸ் ரெண்டு நிமிஷம் பிந்தி…” என்று ஆரம்பித்தார் ராஜகோபால்.

பூர்ணா இருமினாள்.

அவர் போனைக் கீழே வைத்தார். தினேஷின் அம்மாவைப் பார்த்தார்.

“பதினொரு குறை சொன்னவன் வீட்டுக்கு, அத்தனையும் திருத்திட்டுத் திரும்பி வந்திருக்கார். என் சர்வீஸ்ல பொருளைத் திருப்பி அனுப்பினா சண்டைக்கு வருவாங்க. இப்படி வந்தவங்க ஒருத்தரும் இல்லை. பிள்ளையை நல்லா வளர்த்திருக்கீங்கம்மா.”

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தினேஷ் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

“இது எந்த நாடுடி?” என்று ரோகிணியின் காதில் கேட்டாள் பூர்ணா.

“ரெண்டும் இல்லைம்மா. பேசாம இரு.”

தை மாதத்தில் தேதி பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். வாசல் கதவைச் சாத்தியதும் ரோகிணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

“அப்பா, ஒரு விஷயம். அந்தக் குழந்தைகள் போட்டி ரத்தாயிடுச்சாம்.”

“அடடா. யார் சொன்னா?”

“நலச்சங்கத் தலைவரே போன் பண்ணினார்ப்பா. ரொம்ப வருத்தப்பட்டார்.”

ராஜகோபால் செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“போன மாசத்துல இருந்து நலச்சங்கத் தலைவர் நான்தாம்மா,” என்றார். “முதல் நாளே சொல்லியிருந்தா பயிற்சியை நிறுத்தியிருப்பீங்களே.”