முதுகுக் கறுப்பு

டாக்டரம்மா பெண்ணின் பின்னலை ஒதுக்கி, சட்டையின் பின்பக்க ஜிப்பை இறக்கியதும் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெற்ற பெண்தான். ஆனாலும் அந்த முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிடரியில் ஆரம்பித்து முதுகின் நடுவரை கரும்பழுப்பாக அப்பிக் கிடந்தது. ஓரங்களில் காய்ந்த சேறு போல வெடிப்பு. பேருந்தில் பக்கத்தில் வந்து நின்றால் அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாளே, அந்த மாதிரி ஆட்களின் கழுத்தில்கூட இவ்வளவு பார்த்ததில்லை. நாற்றம் என்று எதுவும் கிடையாது. அம்மாவுக்கு மட்டும் அடித்தது.

சுத்தத்தில் அவள் லேசுப்பட்டவள் அல்ல. குழாயைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் திறப்பாள். அவள் வயிற்றில் இப்படியொன்று.

போன மாதம் வீட்டுக்கு வந்த சித்தி, பெண் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் துண்டை விரித்துவிட்டு உட்கார்ந்தாள். சொந்தத் தங்கை. அன்றைக்கு அம்மாவின் மானம் கப்பலேறியது.

வரும் வாரம் பெண் கல்லூரி விடுதிக்குப் போக வேண்டும். இந்த முதுகோடு அனுப்பவே மாட்டேன், நாலு பெண்களோடு ஒரே அறையில் படுத்து என் பேரையும் கெடுக்கவா என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். பெண்ணுக்கோ எப்படியாவது போய்விட வேண்டும்.

“குளிக்கிறதே இல்ல டாக்டர். உள்ள போய் தண்ணிய மட்டும் ஊத்திட்டு வந்துடுறா. சொரணையே கிடையாது.”

பெண் பின்னலை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். அழுத்தாமல் ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு கறுத்துப்போனது. இழுத்த இடத்தில் தோல் பளிச்சென்று தெரிந்தது.

அம்மா எழுந்தே விட்டாள். “பாத்தீங்களா! அழுக்குன்னு நான் சொல்லல?”

“அழுக்கில்லம்மா, வியாதி. செத்த தோல் உதிராம அங்கயே கெட்டியா படிஞ்சுடும். சோப்புக்கும் தண்ணிக்கும் அசையவே அசையாது, ஸ்பிரிட்டுக்குத்தான் வரும். தினம் ரெண்டு வேள குளிக்கிறவங்களுக்கும் வரும். யாருக்கும் ஒட்டாது. தாராளமா ஹாஸ்டலுக்கு அனுப்புங்க.”

அம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். அழுக்கில்லை. அவள் வளர்ப்பில் குறையில்லை. முகமெல்லாம் சிரிப்பு. தட்டில் கறுத்த பஞ்சுகள் குவியக் குவிய அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

முதுகின் நடுவில் டாக்டரம்மாவின் கை நின்றது.

துடைத்த தோலில் கோடுகள். மேலிருந்து கீழாக, நெருக்கமாக, ஒரே சீராக. பல ஆறித் தழும்பாகிவிட்டன. சில இன்னும் சிவந்திருந்தன.

“இது வியாதி பண்ணின வேல இல்ல. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரா?”

அம்மா கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நானேதான் தேச்சேன் டாக்டர்,” என்றாள் பெண், அவசரமாக.

“எப்படித் தேச்சே, காட்டு.”

பெண் வலது கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோனாள். விரல்கள் எட்டவில்லை. இடது கையால் முழங்கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள்.

அப்போதும் எட்டவில்லை.